அமெரிக்கக் காரா, ஐரோப்பியக் காரா?

மோட்டார்க் கார்களைப் பற்றி நாம் பேசத் தொடங்கினால் சோறு ஆறிப்போகும் என்பது எம் வீட்டார் நெடுநாளாக எம்மீது சுமத்திவரும் குற்றச்சாட்டு. கல்லூரியில் நாம் கற்பிப்பது வரலாறு. ஆயினும் வீதியிற் பழைய கார் ஒன்றின் உறுமல் கேட்டால், சிம்மாசனம் ஏறவேண்டிய அரசனைப் படியிலே நிறுத்திவிட்டு யன்னல் பக்கம் திரும்பிவிடுவோம் என்று மாணவர் கேலி செய்வதும் எமக்குத் தெரியும். இப்பலவீனத்தை ஒப்புக்கொண்டே இதனை எழுதுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் உயர்தர வகுப்பிற் படிக்கும் எமது மருமகன் ஒரு கேள்வி கேட்டான். “மாமா, அமெரிக்கன் கார் திறமோ, ஐரோப்பாக் கார் திறமோ?”

கேள்வி விளையாட்டாக வந்ததன்று. எமது வீட்டுக் கொட்டிலில் 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ40 சமர்செற் கார் ஒன்று நிற்கிறது. தந்தையார் 1970களின் தொடக்கத்தில் ஒரு பென்சன்காரரிடம் வாங்கியது. எழுபது ஆண்டு மூப்பினால் எஞ்சின் தளர்ந்து, எண்ணெய் குடிக்கத் தொடங்கிவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்தார். “மாஸ்ரர், உந்த எஞ்சினோடை இனி மல்லுக்கட்டேலாது. கழட்டிப் போட்டு ஜப்பான் எஞ்சின் ஒண்டைப் பூட்டுவம். ஏசியும் போடலாம்” என்றார். மருமகன் அவர் கட்சி. அந்தப் பழைய எஞ்சினில் அப்படி என்னதான் இருக்கிறது என்பதே அவன் கேள்வியின் உட்பொருள். அதற்கு நாம் சொன்ன மறுமொழி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியது. அதன் சுருக்கத்தையே இங்கே தருகிறோம்.

ஒரு காரை நல்லதென்றும் தீயதென்றும் சொல்லுமுன், அது எந்த வீதியில் ஓடப் பிறந்தது, எந்த எண்ணெயைக் குடிக்கப் பிறந்தது, எந்த வரிக்குத் தப்பப் பிறந்தது என்று கேட்கவேண்டும் என்பது எமது கட்சி. மூன்றாவது கேள்வியைக் கேட்டுச் சிரிப்பவர் உண்டு. அவர்களுக்காகவே போர்ட் ‘ரி’ மாதிரிக் காரிலிருந்து தொடங்குகிறோம்.

ஹென்றி போர்ட் அக்காரை 1908இல் வெளியிட்டார். அக்காலத்து அமெரிக்காவில் நகரத்தை விட்டு வெளியேறினால் வீதி என்பது சேறுதான். ஆகவே கார் உயர்ந்து நின்றது. சில்லுகள் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கின. கமக்காரன் ஒருவன் தானே திருத்திக்கொள்ளும்படி உறுப்புக்கள் எளிமையாக இருந்தன. எஞ்சினுக்குப் பெற்றோல் தானாகவே வழிந்து வரவேண்டியிருந்ததால், தாங்கியிற் பெற்றோல் குறைந்த வேளையிற் செங்குத்தான மேட்டைப் பின்பக்கமாகவே ஏறுவார்களாம். மாப்பிள்ளைக் கோலத்தில் அப்படி ஏறிய ஒருவரை எண்ணிப் பார்த்தால் எமக்கு இன்றும் சிரிப்பு வரும். தொடக்கத்தில் 850 டொலராக இருந்த விலை, 1913இல் தொடங்கிய ஓடும் தொடர்வரிசை உற்பத்தியின் பயனாக, 1920களின் நடுவில் 260 டொலர் வரை இறங்கியது. 1927இல் உற்பத்தி நின்றபோது ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கார்கள் செய்யப்பட்டிருந்தன.

இதே கார் இங்கிலாந்திலும், மான்செஸ்ரரில் 1911 முதல் பூட்டப்பட்டு, அமோகமாக விற்றது. அதன் கொடியை இறக்கியது எந்தப் போட்டிக் கம்பனியும் அன்று; ஒரு கணக்குச் சூத்திரம். 1921ஆம் ஆண்டு பிறந்தபோது பிரித்தானிய அரசு குதிரை வலுவொன்றுக்கு ஆண்டுக்கு ஒரு பவுண் என வரி விதித்தது. குதிரை வலுவை எப்படி அளப்பது? மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். சிலிண்டரின் குறுக்களவை அங்குலத்தில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, வருவதைச் சிலிண்டர்களின் தொகையாற் பெருக்கி, இரண்டரையால் வகுக்கவேண்டும். போர்ட் காரின் குறுக்களவு மூன்றேமுக்கால் அங்குலம், சிலிண்டர் நான்கு. விடை இருபத்திரண்டரை. அரைக் குதிரைக்கும் முழுக் குதிரையின் வரியே என்பதால் 23 பவுண். அடுத்த ஆண்டு வெளிவந்த ஒஸ்ரின் 7 என்னும் குருவிக் காருக்கோ 8 பவுணே.

இச்சூத்திரத்தில் ஓர் ஓட்டை இருப்பதைக் கவனித்தீர்களா? பிஸ்ரன் மேலும் கீழுமாக எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதை அது கேட்கவே இல்லை. குறுக்களவைக் கேட்கும் அரசை ஏய்க்க வழி எளிது. சிலிண்டரை ஒடுக்கமாகவும் நெடியதாகவும் செய்தால் வரி குறையும். வலுவும் ஓரளவு கிடைக்கும். ஒரு தலைமுறை காலம் பிரித்தானிய எஞ்சினியர்கள் அப்படியே செய்தார்கள். விளைவு, தறிகெட்ட வேகம் போகாதெனினும், மெதுவாக ஓடும்போதே நன்றாக இழுக்கும் எஞ்சின்கள். 1947இல் அவ்வரி மாறிற்று, பழக்கம் மாறவில்லை. அதே ஆண்டு வெளிவந்த ஏ40 எஞ்சினின் சிலிண்டருக்குக் குறுக்களவு அறுபத்தைந்தரை மில்லிமீற்றர். பிஸ்ரன் ஓட்டமோ 89 மில்லிமீற்றர். ஒல்லியான, நெடிய பிள்ளை.

பிரெஞ்சுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், வரியின் பெயரையே பிள்ளைக்குச் சூட்டினர். சிற்றோயன் கம்பனி 1948இற் பாரிஸ் கண்காட்சியில் வைத்த ‘டூ ஷெவோ’ என்னும் பெயருக்கு ‘இரு குதிரை’ என்பது பொருள். அது காரின் உண்மை வலுவைக் குறிப்பதன்று. வரிக் கணக்கில் அதற்குரிய வகுப்பு. கம்பனித் தலைவர் பியேர் புலாஞ்சே எஞ்சினியர்களுக்கு இட்ட கட்டளை இன்றும் படித்து மகிழத்தக்கது. குடியானவர் இருவரும் ஐம்பது கிலோ உருளைக்கிழங்கும் ஏறவேண்டும். நூறு கிலோமீற்றருக்கு மூன்று லீற்றருக்கு மேற் பெற்றோல் குடிக்கக்கூடாது. கூடை நிறைய முட்டைகளோடு உழுத வயலுக்குக் குறுக்கே போனால் ஒரு முட்டையும் உடையக்கூடாது. கண்காட்சியில் தகரப் பெட்டி என்று நகைத்தார்கள். அந்தத் தகரப் பெட்டி 1990 வரை உற்பத்தியில் இருந்தது. குண்டுங்குழியுமான வீதியில் ஆளை ஆடாமல் அசையாமல் கொண்டுபோகும் கலையைப் பிரெஞ்சுக்காரரைப் போல் அறிந்தவர் வேறு எவருமில்லை என்பது எமது துணிபு. இதிற் சண்டைக்கு வருபவர் வரட்டும்.

இனி அமெரிக்காவுக்கு மீள்வோம். அங்கே குறுக்களவுக்கு வரியில்லை; எண்ணெய் நிலத்தடியிற் பீறிட்டது; ஊருக்கு ஊர் நூற்றுக்கணக்கான மைல். சிலிண்டரை ஒடுக்குவதற்கு அவர்களுக்கு என்ன வந்தது? 1949ஆம் ஆண்டுக் கடிலாக் காரின் எட்டுச் சிலிண்டர் எஞ்சினில் குறுக்களவு பிஸ்ரன் ஓட்டத்தைவிட அதிகம். தடித்த, குள்ளமான பிள்ளை. 160 குதிரை வலு. பெற்றோலும் அவர்களுக்கு உயர்ந்த தரத்திற் கிடைத்தது. பிஸ்ரன் ஆவியை மிகுதியாக நெருக்கினால் வலு கூடும். ஆனால் தரங்குறைந்த பெற்றோல் உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சினைத் தட்டும். அத்தட்டலை நிறுத்த ஈயச் சேர்க்கை ஒன்றைத் தோமஸ் மிட்ஜ்லி என்பவர் கண்டதும் 1921இலேதான். எஞ்சின் தட்டாமல் ஓடியது. ஈயமோ புகையோடு கலந்து குழந்தைகளின் குருதி வரை போயிற்று. உலகின் கடைசி நாடு ஈயப் பெற்றோலைக் கைவிட 2021 வரை, முழுதாக நூறு ஆண்டு, எடுத்தது.

அமெரிக்கக் கார்களை நாமும் ஒரு காலத்தில் ஏளனம் செய்தவர்களே. வளைவிற் கப்பல் போலச் சாய்வதும், இருவிரலாற் சுழற்றக்கூடிய உணர்ச்சியற்ற சுக்கானும், வீட்டு விறாந்தையளவு நீண்ட போனற்றும் எமக்கு வீண் ஆடம்பரமாகவே தோன்றின. தமையனார் ரொறொன்ரோவில் வாழ்கிறார். ஒரு மாரிக்காலத்தில் அவரிடம் போயிருந்தபோது அமெரிக்கப் பெருங்கார் ஒன்றில் எம்மை மொன்றியலுக்கு அழைத்துச் சென்றார். ஏறக்குறைய 540 கிலோமீற்றர். இருபுறமும் வெண்பனி; நூல் பிடித்தாற்போல நேரான வீதி. வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகை. உள்ளே சாரத்தோடு இருக்கலாம் போன்ற இளஞ்சூடு. எஞ்சின் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்கவேண்டியிருந்தது. ஐந்தாறு மணித்தியாலத்தின் பின் இறங்கியபோது முதுகில் ஒரு நோவும் இல்லை. அன்று எமது ஏளனத்தை மொன்றியல் பனியிற் புதைத்துவிட்டு வந்தோம். வளைவே இல்லாத வீதிக்குச் செய்த காரை வளைவில் வைத்துப் பரீட்சிப்பது, மீனை மரமேறச் சொல்லி அடிப்பதற்கு ஒப்பாகும்.

ஆனால் அவர்கள் செய்த கூத்துக்களையும் சொல்லாமல் விடமுடியாது. ஹார்லி ஏர்ள் என்னும் வடிவமைப்பாளரின் குழுவினர் லொக்ஹீட் பி-38 போர் விமானத்தின் வாலைக் கண்டு மயங்கி, 1948இற் கடிலாக் காருக்கு இரண்டு சிறு வால் துடுப்புகள் வைத்தனர். ஆண்டுதோறும் புது உடுப்புப் போடுவது அக்கம்பனிகளின் வழக்கமாதலால் துடுப்பும் ஆண்டுதோறும் வளர்ந்தது. 1959இல் அது உச்சிக்கு ஏறிற்று. கிட்டத்தட்ட பத்தொன்பது அடி நீளக் கார். பின்னால் வானை நோக்கிய இரு துடுப்புகள். ஒவ்வொன்றிலும் தோட்டா வடிவில் இரண்டு செவ்விளக்குகள். ஓடுவதற்கு அத்துடுப்பினால் அணுவளவும் பயனில்லை. பார்ப்பதற்கோ, உள்ளதைச் சொன்னால், அழகாகத்தான் இருக்கிறது.

அதே 1959இலே இங்கிலாந்தில் மினி வெளிவந்தது. நீளம் பத்து அடி. சூயெஸ் நெருக்கடியால் 1956 இறுதியிற் பிரித்தானியாவிற் பெற்றோல் பங்கீட்டுக்கு வர, சிக்கனமான சிறு காரொன்றைச் செய்யும் பொறுப்பு அலெக் இசிகோனிஸிடம் ஒப்படைக்கப்பட்டது. இவரே முன்பு மொறிஸ் மைனரை வடிவமைத்தவர். கடைசி நேரத்தில் அம்மாதிரிக் காரை நடுவே பிளந்து நாலு அங்குலம் அகட்டி, ஏற்கெனவே செய்து வைத்திருந்த பம்பர்களுக்கு நடுவில் ஒட்டுப்போட வைத்த மனிதர். மினியில் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்ப் பெட்டியை அதற்குக் கீழே எண்ணெய்த் தொட்டிக்குள் இறக்கினார். பத்தங்குலச் சில்லுகளை மூலைகளுக்குத் தள்ளினார். பத்தடிக் காரில் நாலு பேர் வசதியாக இருந்தனர். முதலில் வந்த மினிகளின் தரைத் தகட்டுப் பொருத்து வழியே மழைநீர் உள்ளே வந்தது வேறு கதை. இன்று உலகெங்கும் ஓடும் சிறு பெற்றோற் கார்களைப் பாருங்கள். எஞ்சின் குறுக்காகவே கிடக்கும், முன்சில்லுகளே இழுக்கும். துடுப்பு நூதனசாலைக்குப் போய்விட்டது.

அந்த 1959ஐ விட்டு நகர மனம் வரவில்லை. சுவீடனில் வொல்வோ கம்பனியின் எஞ்சினியர் நில்ஸ் போலின், தோளையும் இடுப்பையும் ஒருங்கே பிடிக்கும் மூன்று முனை இருக்கைப் பட்டியை அமைத்ததும் அதே ஆண்டிலேதான். கம்பனி அதன் உரிமத்தைப் பிற கம்பனிகள் பயன்படுத்தவும் இடமளித்தது. காரில் ஏறியதும் நாம் இழுத்துப் பூட்டுகிறோமே, அது அப்பட்டிதான். மினியும் துடுப்பும் ஒருபுறமிருக்க, அவ்வாண்டின் பெருங்காரியம் இதுவே என்பது எமது எண்ணம்.

ஒரு கண்டத்தார் மற்றக் கண்டத்தாரைப் போல வேடம் போட்டபோது பெரும்பாலும் சிரிப்புக்கிடமாயிற்று. ஒஸ்ரின் கம்பனி அமெரிக்க டொலரை நாடி 1948இல் ஏ90 அற்லான்ரிக் என்றொரு காரை அமெரிக்க அலங்காரத்தோடு செய்தது. அங்கே சில நூறு கார்களே விற்றன. வேடம் எதுவும் போடாமற் போன ஜேர்மன் வொக்ஸ்வாகன் வண்டோ அமெரிக்கரின் மனத்தைக் கவர்ந்தது. அதன் எஞ்சின் காற்றினாற் குளிர்வது. றேடியேற்றரே இல்லையாதலால் பனிக்காலத்தில் நீர் உறையும் அச்சமில்லை. 1972இல் அது போர்ட் காரின் உற்பத்திச் சாதனையையும் முறியடித்தது.

வரியின் கூத்து அமெரிக்காவையும் விடவில்லை. ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழியிறைச்சிக்குத் தீர்வை விதிக்க, அமெரிக்கா அதற்குப் பழியாக 1964இல் வெளிநாட்டுச் சிறு லொறிகளுக்கு 25 வீதத் தீர்வை விதித்தது. கோழிச் சண்டை ஓய்ந்த பின்னும் லொறித் தீர்வை பல தசாப்தங்கள் நிலைத்தது. அமெரிக்கரின் வீட்டு முற்றங்களிற் பென்னம்பெரிய உள்நாட்டுப் பிக்கப் வண்டிகள் நிற்பதற்கு அந்தக் கோழிகளும் ஒரு காரணம். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை மறித்தபோது அவர்கள் சிறிது காலம் சிறு கார்களை நாடினர். எண்ணெய் மலிந்ததும் மறுபடியும் பெருத்தனர். எமது நாட்டிலும் எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்தே தீர்வை போடுகிறார்கள். எமது வீதிகளில் ஓடும் ஆயிரம் சீசீ கார்களின் கூட்டத்தைப் பார்த்தால் நாம் எவரையும் நகைக்க உரிமையுடையோம் அல்லோம்.

இவ்வளவையும் கேட்ட மருமகன் விடவில்லை. “சரி மாமா, உங்கடை ஏ40 எந்த எண்ணெய்க்குப் பிறந்தது?” என்று மடக்கினான். அதுதான் நாம் காத்திருந்த கேள்வி.

போருக்குப் பின் பிரித்தானியாவில், 1953 வரை, எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவான ஒரேயொரு கலவைப் பெற்றோலே விற்கப்பட்டது. அதன் ஒக்ரேன் அளவு எழுபதை அண்டியது; மிகவும் தாழ்ந்த தரம். ஆகவே அக்காலத்து எஞ்சினியர்கள் ஆவியை ஏறக்குறைய ஏழிலொரு பங்காக மாத்திரமே நெருக்கும்படி எஞ்சின்களைச் செய்தனர். அதற்கு மேல் நெருக்கினால் அந்தப் பெற்றோல் தட்டும். ஏழை வீட்டுப் பிள்ளை கிடைத்ததை உண்டு வளர்வதுபோல அந்த எஞ்சின்கள் வளர்ந்தன.

1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. நெருக்கம் மிகுந்த புதிய கார்கள் கொட்டிலில் உறங்க, ஒஸ்ரினும் மொறிசும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் பெற்றோலைவிட எளிதில் தட்டுவது; குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாதது. தாழ்ந்த நெருக்கம் தட்டலைப் பார்த்துக்கொண்டது. குளிருக்கு எங்கள் தந்தையார் மருந்துப் போத்தல் ஒன்றிற் பெற்றோல் வைத்திருந்தார். காபரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பார். வெண்புகையும் அடுப்படி மணமும் எழும். எரியாத மண்ணெண்ணெய் கசிந்து எஞ்சின் எண்ணெயை நீர்த்துப் போகச் செய்யுமாதலால், அடிக்கடி அளவுகோலை இழுத்து விரலாற் தடவிப் பார்ப்பார். பத்துப் பதினொரு வயதில் அந்தப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றதே கார்களோடு எமக்கேற்பட்ட முதல் உறவு.

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் அனைவரும் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது, நடக்கமுடியாத அப்பாச்சியும் அயலிலிருந்த பிள்ளைத்தாய்ச்சி ஒருவரும் அந்தக் காரிலே ஏறினர். மழை தூறிக்கொண்டிருந்தது. நாவற்குழிப் பாலம் வரை வீதி தெரியவில்லை, தலைகளே தெரிந்தன. கார் நடந்தது என்றே சொல்லவேண்டும். எஞ்சினை நிறுத்தினாற் போத்தலிற் பெற்றோல் செலவாகும். போத்தலிற் கால்வாசியே இருந்தது. ஆகவே தந்தையார் நிறுத்தவில்லை. முதலாம் கியரில், சனத்தின் நடைக்கேற்ப, விடியும் வரை அந்த எஞ்சின் முனகிக்கொண்டே இழுத்தது. மெதுவாக ஓடும்போதே இழுக்கும் நெடிய பிஸ்ரன். வரியை ஏய்க்க இங்கிலாந்திற் பழகிய பழக்கம். நாம் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலே நடந்தோம். மறுநாட் பகல் சாவகச்சேரியில் அப்பாச்சியை இறக்கியபோது போத்தலிற் கால்வாசி அப்படியே இருந்தது.

மருமகன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். “அம்மா உதைச் சொல்லேல்லையே” என்றான். அவன் தாயார் அன்று பின்னிருக்கையில் அப்பாச்சியின் மடியிற் படுத்துறங்கிய எட்டு வயதுச் சிறுமி. அவருக்கு நினைவிருக்க நியாயமில்லை.

அடுத்த கிழமை மெக்கானிக் வந்தார். எஞ்சினை இறக்கும்படியே சொன்னோம். ஆனால் எறிவதற்கன்று, சிலிண்டரைத் துப்புரவாக்கிப் புதிய பிஸ்ரன் வளையங்கள் போட்டுத் திரும்பப் பூட்டுவதற்கு. வளையங்களை இங்கிலாந்திலிருந்து எடுப்பிக்கவேண்டும். விலையும் ஜப்பானிய எஞ்சினுக்குப் பெரிதும் குறைந்ததன்று. “மாஸ்ரருக்குக் காசு கூடிப்போச்சு” என்று மெக்கானிக் சிரித்தார். ஏசி இல்லை என்பதில் எமது மனையாளுக்கும் மனக்குறை உண்டு, அதை மறைக்கவில்லை.

எஞ்சின் தலை கழன்றதும் மருமகன் கல்லூரி ஆய்வுகூடத்து வேணியர் இடுக்குமானியோடு வந்து நின்றான். சிலிண்டருக்குள் அதைவிட்டு அளந்தான், மில்லிமீற்றரை அங்குலமாக்கினான், நிலத்திற் குந்தியிருந்து, பழைய பிளக் பெட்டியின் மட்டையிலே பெருக்கி வகுத்தான்.

“பத்தே முக்கால் வருகுது மாமா. பதினொரு பவுண் கட்டவேணும்” என்றான்.